ஆசிரியர் அறையும் அதிகாரமும்: ‘பொட்சான்’ நாவலை முன்வைத்து

நகைச்சுவை நாவலென்று தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படும் ஒரு நூல், கூர்ந்து நோக்குமிடத்து ஒரு பெருந்துயரின் சாட்சியமாகவும் அமைந்துவிடுவதுண்டு. யப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெக்கி 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பொட்சான்’ அத்தகைய நூலாகும். முரட்டு நேர்மையும் முன்கோபமும் கொண்ட ஓர் இளைஞன் நாட்டுப்புறப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியனாகச் செல்கிறான். அங்குள்ள வஞ்சகரை உதைத்துவிட்டு ஊர் திரும்புகிறான். கதை இவ்வளவே. யப்பானியர் இதனை வாசித்து வாய்விட்டுச் சிரித்தனர், இன்றும் சிரிக்கின்றனர். ஆனால் அச்சிரிப்பின் அடியில் ஒரு மனிதனின் வாழ்வு சத்தமின்றி நசுக்கப்படுகிறது. நசுக்குவோர் கொள்ளையரல்லர், பிரபுக்களுமல்லர், குழந்தைகளுக்கு ஒழுக்கம் போதிக்கும் ஆசிரியர்கள். ஓர் ஆசிரியரைச் சக ஆசிரியர்கள் எவ்வாறு வதைக்கின்றனர், அவ்வதை ஏன் தடுக்கப்படுவதில்லை என்ற வினாக்களுக்கு விடை காணவே இந்நாவலை நாம் இங்கு மீள வாசிக்க முற்படுகிறோம்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சில வார்த்தைகள். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்றுத் தேறிய சோசெக்கி, 1895ஆம் ஆண்டில் சிக்கொக்குத் தீவிலுள்ள மட்சுயாமா நகரின் நடுத்தரப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியராகச் சென்றார். அங்கு ஓராண்டு காலமே பணியாற்றினார். 1872ஆம் ஆண்டின் கல்விக் கட்டளையோடு நாடெங்கும் புதிய பாடசாலைகள் எழுந்து, பழைய சாமுராய்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் வாளைக் கைவிட்டுச் சம்பளத்திற்கு உழைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பட்டம், பதவி, மாதச் சம்பளம் என்ற மூன்று அளவுகோல்கள் மனிதரை மேல் கீழென அடுக்கின. வெளித்தோற்றத்தில் பாடசாலை நவீனமானது. அதன் உள்ளே நிலவிய உறவுகளோ பழைய கோட்டைக்குள் நிலவிய உறவுகளே. இம்முரண்பாட்டினின்றே நாவல் பிறக்கிறது.

டோக்கியோவில் பௌதிகக் கல்லூரி ஒன்றிற் கற்று வந்த கதாநாயகன் மாதம் 40 யென் சம்பளத்துக்குக் கணித ஆசிரியனாகிறான். ‘பொட்சான்’ என்பது ‘சின்ன ஐயா’ என்ற பொருளில் வீட்டுப் பணிமூதாட்டி கியோ அவனை அன்போடு அழைக்கும் சொல். பாடசாலைக்கு வந்த முதல் நாளிலேயே அவன் எல்லோருக்கும் பட்டப்பெயர் சூட்டிவிடுகிறான். அதிபருக்கு, நாட்டுக் கதைகளில் உருமாறி ஏய்க்கும் காட்டு விலங்கான ‘தனுக்கி’யின் பெயர். பிரதி அதிபர் கோடையிலும் சிவப்புக் கம்பளிச் சட்டை அணிபவராதலின் ‘செஞ்சட்டை’. (செஞ்சட்டை என்றதும் எமது வாசகர்க்குத் தோன்றக்கூடிய அரசியற் பொருள் இங்கு இல்லை. உடம்புக்கு நல்லதென்று அவர் அதனை அணிகிறாராம்!) அவர் பின்னால் இளித்துக்கொண்டு திரியும் சித்திர ஆசிரியர் ‘கோமாளி’. கணிதத்துறைத் தலைவர் ஹொட்டா ‘முள்ளம்பன்றி’. வெளிறி ஊதிய முகமும் அடங்கிய குரலும் கொண்ட ஆங்கில ஆசிரியர் கோகாவோ, கொடியின் நுனியிற் காலந்தப்பிக் காய்த்த ‘வெம்பற் பூசணி’.

நாவலின் அச்சாணி இந்தக் கோகாவே. தந்தை இறந்தபின் அவர் குடும்பம் நொடித்துவிட்டது. நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைச் செஞ்சட்டை தம் பக்கம் இழுத்துக்கொள்ள முனைகிறார். இந்நிலையிற் கோகாவின் தாய் அதிபரிடம் சென்று, மகனுக்குச் சற்றுச் சம்பளம் உயர்த்தித் தருமாறு கேட்கிறாள். அதிபர் யோசிப்பதாகச் சொல்கிறார். யோசனையின் முடிவு என்ன? இங்கே பணமில்லை, தொலைவிலுள்ள நொபெயோக்காவில் ஓர் இடம் காலியாக உள்ளது, அங்கு மாதம் 5 யென் அதிகம், கேட்டது கிடைத்துவிட்டதல்லவா, போகலாம்! பழைய சம்பளமே போதும், ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்று கோகா மன்றாடுகிறார். எல்லாம் முடிவாகிவிட்டது, அடுத்தவர் நியமிக்கப்பட்டாயிற்று என்பதே பதில்.

இவ்விடத்து நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். யாரும் கோகாவை அடிக்கவில்லை, ஏசவில்லை, ஒரு கடுஞ்சொற்கூட இல்லை. விண்ணப்பம் ‘பரிசீலிக்க’ப்பட்டது, பதவி ‘உயர்த்த’ப்பட்டது. பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு இது ஒரு சலுகையாகவே தோன்றும். நிறுவனத்திற்குள் நிகழும் வதையின் முதல் இலக்கணம் இதுவே: அது விதிகளை மீறுவதில்லை, விதிகளையே கருவியாக்கிக்கொள்கிறது. கத்தியால் குத்தியவனைக் காவலர் பிடிக்கலாம். இடமாற்றக் கடிதத்தால் குத்தியவனை யார் பிடிப்பது?

இரண்டாவது இலக்கணம், சாட்சிகளைப் பிரித்தாளுதல். கோகாவுக்காகச் செஞ்சட்டையிடம் நேரிற் சென்று வாதாடியவர் ஹொட்டா ஒருவரே. ஆகவே அடுத்த இலக்கு அவர். செஞ்சட்டையும் கோமாளியும் பொட்சானைக் கடலுக்கு மீன்பிடிக்க அழைத்துச் சென்று, படகிலிருந்தவாறே தமக்குள் பேசுவது போல அரைகுறையாகச் சில சொற்களை அவன் காதில் விழவிடுகின்றனர். இராக்காவலின்போது மாணவர் அவன் படுக்கையில் வெட்டுக்கிளிகளை நிரப்பியது ஹொட்டாவின் தூண்டுதலால்தான் என்ற ஐயம் அவன் நெஞ்சில் விதைக்கப்படுகிறது. விளைவு, ஹொட்டா முன்னர் வாங்கிக் கொடுத்த ஐஸின் விலையான ஒரு சென் ஐந்து ரின்னை அவன் திருப்பி வைக்கிறான். அவர் அதனை எடுக்க மறுக்கிறார். இரு நேர்மையாளருக்கிடையே மேசையின்மீது அச்சில்லறை நாட்கணக்கில் தூசி படிந்து கிடக்கிறது. வஞ்சகர் ஒன்றுபட்டு நிற்கையில் நல்லவர் சில்லறைக் காசுக்காகப் பேசாதிருக்கும் இக்காட்சியே இந்நாவலின் தலைசிறந்த காட்சி என்பது எமது கருத்து. ஒரு பாடசாலையில் அதிகாரம் எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த படிமம் வேண்டியதில்லை. செஞ்சட்டையின் உபாயம் அத்துடன் நிற்கவில்லை. கோகாவின் இடத்துக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் வருவதால் மிஞ்சும் பணத்திலிருந்து பொட்சானுக்குச் சம்பள உயர்வு தருவதாகவும் அவர் சொல்கிறார். ஒருவனிடம் பறித்ததில் ஒரு துண்டை மற்றவனுக்கு வீசினால், வாங்கியவன் வாய் தானே மூடிக்கொள்ளும். நடந்ததை வாடகை வீட்டு மூதாட்டியிடமிருந்து அறிந்த பொட்சான் அவ்வுயர்வை மறுத்துவிடுகிறான். அவன் பெருமை அங்கே உயர்கிறது.

மூன்றாவது இலக்கணம் சடங்கு. கோகாவுக்குப் பிரியாவிடை விருந்து நடைபெறுகிறது. அவரை வெளியேற்றிய அதிபரும் பிரதி அதிபரும் எழுந்து, அவரது நற்குணத்தையும் அவர் பிரிவால் தமக்கு நேரும் இழப்பையும் உருக்கமாகப் பேசுகின்றனர். கோகா எழுந்து எல்லோருக்கும் பணிவுடன் நன்றி சொல்கிறார். அந்நன்றியில் ஏளனம் இல்லை. அதுதான் வாசகன் நெஞ்சைப் பிளக்கிறது. பின்னர் மது பெருகுகிறது, ஆட்டம் தொடங்குகிறது, யாருக்காக விருந்து என்பதே மறந்துபோகிறது. பிரியாவிடை வைபவங்களில் மாலை சூட்டி வாழ்த்துப்பா வாசித்த நம்முட் பலர் இந்த அத்தியாயத்தை வாசிக்குங்கால், தாம் கைதட்டிய ஏதோவொரு மாலைப்பொழுதை நினைத்துக்கொள்ளாதிருத்தல் இயலாது.

இனி, நாவலின் முடிவு. மாணவர் கைகலப்பு ஒன்றைச் சாக்காக வைத்து ஹொட்டா பதவி விலகுமாறு பணிக்கப்படுகிறார். அதே கைகலப்பிற் சிக்கிய பொட்சானோ விடப்படுகிறான். மீண்டும் பிரித்தாளுதல். இருவரும் ஒரு சத்திரத்திற் பல இரவுகள் பதுங்கியிருந்து, பரத்தையர் தொடர்புடைய விடுதியிலிருந்து விடியற்காலையில் வெளிவரும் செஞ்சட்டையையும் கோமாளியையும் வழிமறித்து உதைக்கின்றனர். கோமாளியின் முகத்திற் முட்டைகள் உடைகின்றன. வாசகன் மகிழ்ச்சியால் துள்ளுகிறான். பொட்சான் பதவி விலகற் கடிதத்தைத் தபாலிற் போட்டுவிட்டு டோக்கியோ திரும்பி, 25 யென் சம்பளத்திற் தெருட்ராம் கம்பனியில் வேலை செய்கிறான்.

நன்று; ஆனால் கோகா எங்கே? அவர் நொபெயோக்காவில்தான் இருக்கிறார். செஞ்சட்டை? மறுநாள் சட்டையைத் துவைத்து அணிந்துகொண்டு பாடசாலைக்குத்தான் போயிருப்பார். தனுக்கி அதிபராகவே நீடிக்கிறார். அடுத்த ஆண்டும் ஒரு புதிய ஆசிரியன் வருவான். அவனையும் மீன்பிடிக்க அழைத்துச் செல்வர். நேர்மையாளர் மூவரும் வெளியேறிவிட்ட அந்தப் பாடசாலை, நாவல் தொடங்கியபோது இருந்ததைக் காட்டிலும் மோசமான நிலையிலேயே முடிகிறது. தனிமனித வீரம் வாசகனுக்கு நிறைவளித்தது. வதைக்கப்பட்டவனுக்கு எதையும் அளிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நாவலைப் போற்றுவோர் கவனியாது விடுவது, கதாநாயகன் சூட்டும் பட்டப்பெயர்களையே. வந்த நாளிலேயே சக ஆசிரியரை விலங்காகவும் காயாகவும் காணும் பார்வை, வதையின் பார்வைக்கு வெகுதூரத்தில் இல்லை. நாமும் கோகாவைப் பூசணியாகவே கண்டு முதலிற் சிரித்தோம். அவர் உள்ளம் என்ன எண்ணியதென்று நாவல் எமக்குச் சொல்வதேயில்லை. அவருக்காகப் பிறரே பேசுகின்றனர். இது சோசெக்கியின் குறையா, அன்றி வதைக்கப்படுபவனின் குரல் எந்த அறையிலும் கேட்பதில்லை என்ற உண்மையின் பிரதிபலிப்பா என்பது வாதத்துக்குரியது. இரண்டும் சிறிது சிறிது உண்டென்றே நாம் கருதுகிறோம்.

சோசெக்கி தம்மைத் தப்பவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 1914ஆம் ஆண்டில், தனிமனிதத்துவம் பற்றிப் பிரபுக் குடும்பத்து மாணவர் முன் ஆற்றிய உரையில், தாம் கற்பித்த அப்பாடசாலையிற் பட்டதாரியாக இருந்தவர் தாம் ஒருவரே என்றும், ஆதலால் பாத்திரங்களுக்கு மெய்யான மாதிரி தேடுவதாயிற் செஞ்சட்டை தாமேயாதல் வேண்டும் என்றும் அவர் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைதான், ஆனால் வெறும் வேடிக்கையன்று. அதே உரையில், அதிகாரமும் செல்வமும் கைக்கொள்வோர் அவற்றோடு வரும் கடமையையும் பொறுப்பையும் ஏற்க வேண்டுமென வற்புறுத்தினார். வதைப்பவன் வேற்று இனத்துப் பிராணியல்லன். பட்டமும் பதவியும் பெற்று, கேட்பாரற்ற இடத்தில் அமர்ந்துவிட்டால் எவரும் செஞ்சட்டை அணியக்கூடும் என்பதே அதன் உட்பொருள்.

நாவல் வெளிவந்து 113 ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யப்பான் முழுவதும் ஒரு காணொளியைக் கண்டு அதிர்ந்தது. கோபே நகரிலுள்ள ஒரு தொடக்கப் பாடசாலையில், 25 வயதுடைய இளம் ஆசிரியர் ஒருவரை மூத்த ஆசிரியர் சிலர் பிடித்து நிறுத்தி, கடுங்காரக் குழம்பை வலிந்து ஊட்டி, கண்களிலும் பூசுகின்றனர். சுற்றிலும் சிரிப்பொலி. சம்பந்தப்பட்டோர் நால்வர். அவர்களுள், சக ஊழியரை நெறிப்படுத்தும் பொறுப்பிலிருந்த மூத்த ஆசிரியை ஒருவரும் அடங்குவார். பின்னர் நியமிக்கப்பட்ட புறநிலை விசாரணைக் குழு, 100க்கு மேற்பட்ட துன்புறுத்தற் செயல்களை உறுதி செய்தது. 2020 பெப்ரவரியில் இருவர் பதவி நீக்கப்பட்டனர். ஏனையோரும் அதிபர்களும் வேறு தண்டனைகள் பெற்றனர்.

பத்திரிகைகள் நான்கு கொடியவரைத் தேடின, கண்டன. முட்டையெறியும் மகிழ்ச்சி நாட்டிற்குக் கிட்டியது. அப்பாடசாலையிற் பிள்ளைகளின் மதிய உணவுப் பட்டியலிலிருந்து காரக்குழம்பு நிறுத்தப்பட்டது. குற்றம் குழம்பினுடையது போலும்! ஆனால் ஆராயத்தக்கது வேறு. இளம் ஆசிரியர் படும் துன்பம் பாடசாலை நிர்வாகத்தின் காதுக்கு முன்னரே எட்டியிருந்தது. வாய்மொழி எச்சரிக்கையோடு அது கைகழுவப்பட்டது. அந்நகரில் பல பத்தாண்டுகளாக ‘கோபே முறை’ என ஓர் இடமாற்ற வழக்கம் நிலவியது: எந்த ஆசிரியர் எந்தப் பாடசாலைக்குச் செல்வதென அதிபர்கள் தமக்குள்ளேயே பேசித் தீர்மானிப்பர். ஆகவே அதிபருக்கு வேண்டியவர் அவரைச் சூழ்ந்து குழுவாவதும், அக்குழுவை எதிர்ப்பவர் தம் எதிர்காலத்தை எண்ணி அஞ்சுவதும் இயல்பாயின. அதனை ஒழிக்க வேண்டிய நிலை அவ்வழக்கின் பின்னரே எழுந்தது. 1906இல் தனுக்கியின் மேசையில் இருந்த இடமாற்றக் கடிதம், 2019இலும் அதே மேசையில் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

சுவீடனிற் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், 1980களில் வேலைத்தலங்களிற் கூட்டாக ஒருவரை வதைக்கும் நிகழ்வுகளை முறையாக ஆராய்ந்தார். வதைக்கப்படுபவனின் சுபாவத்திற் காரணத்தைத் தேடுவது பிழை. வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் முறையிலும் தலைமையின் நடத்தையிலும் அதனைத் தேட வேண்டும் என்பது அவர் நிலைநாட்ட முயன்ற முடிபு. ‘அவன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி’, ‘அவளோடு ஒருவருக்கும் ஒத்துவராது’ என்று ஆசிரியர் அறைகளில் நாம் அன்றாடம் கேட்கும் தீர்ப்புகளுக்கு இது தக்க மறுமொழி. ஒருவனை ஆறு மாதம் ஒதுக்கிவைத்தால் எவனும் பயந்தாங்கொள்ளியாவான். காரியத்தைக் காரணமாக்குவதே வதைப்போரின் தருக்கம். சுவீடன் 1993ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு விதியை இயற்றி, தடுக்கும் கடமையை வேலை கொடுப்போர்மீது சுமத்தியது. யப்பானில் 2019 மே மாதத்தில் அதிகார வதையைத் தடுக்கும் சட்டத்திருத்தம் நிறைவேறி, 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் தனது 190ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. கோபேச் செய்தி வெடித்தபோது சட்டம் ஏற்கெனவே நிறைவேறியிருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் ஆசிரியர் அறைக்குள் நுழைவதில்லை. அங்கே நுழைவது பண்பாடு.

நிறுவனப் பண்பாடு என்பது சுவரில் ஒட்டிய வாசகமன்று. யார் முதலிற் பேசுகிறார், யார் பேசவே அஞ்சுகிறார், யாருடைய பகிடிக்கு எல்லோரும் சிரித்தாக வேண்டியிருக்கிறது என்பனவற்றின் தொகையே அது. நாவலையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் முதலிற் பேசுகிறார்; பிரதி அதிபர் வழிமொழிகிறார்; மற்றையோருட் பெரும்பாலானோர் தலையசைக்கின்றனர். கீழுள்ளவர் முதலிலும் தலைவர் கடைசியிலும் பேசுவதெனவும், பேசியது எழுத்திற் பதிவதெனவும் வழக்கிருந்திருப்பின் கூட்டம் வேறாக முடிந்திருக்கும். கோகாவின் இடமாற்றத்துக்கு எழுத்திற் காரணம் காட்டப்பட்டு, மேன்முறையீட்டுக்கு இடமும் இருந்திருப்பின் அவர் தாய் அதிபரின் தயவை நாடியிருக்க வேண்டியதில்லை. அதிபரின் அதிகாரத்திற்கு உட்படாத ஒருவரிடம் முறையிட வழியிருந்திருப்பின் ஹொட்டா சத்திரத்திற் பதுங்கியிருக்க வேண்டியதில்லை. இராக்காவலினின்று அதிபரும் பிரதி அதிபரும் விலக்களிக்கப்பட்டிருந்தனர் என்பதைப் பொட்சான் முதலிலேயே கண்டு முணுமுணுக்கிறான். அம்முணுமுணுப்பு நகைச்சுவைக்காக எழுதப்பட்டதெனினும், சுமையைப் பகிராத தலைமை மரியாதையையும் பெறாது என்ற உண்மை அதனுட் பொதிந்துள்ளது. புதிதாக வந்தவனுக்கு வழிகாட்ட ஒரு மூத்தவரைப் பொறுப்பாக்கியிருந்தால், மீன்பிடிப் படகு அவனுக்கு வழிகாட்டியிருக்காது. இவை அற்புதங்களல்ல, எந்தப் பாடசாலையும் அடுத்த தவணையிலேயே செய்யக்கூடிய எளிய ஏற்பாடுகள்.

எமது நாட்டு வாசகர்க்கு இவையெல்லாம் அயலார் கதையெனத் தோன்றாது. ‘பகிடிவதை’ என்ற சொல்லை வழங்கும் மொழி எமது மொழி. பகிடியும் வதையும் ஒன்றாகக்கூடும் என்பதை அச்சொல் தானே ஒப்புக்கொள்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதைக்கு வரைவிலக்கணம் கூறுங்கால், மாணவர்க்கு மட்டுமன்றி நிறுவனத்தின் ஆளணியினருக்கு விளைக்கப்படும் உளநோவையும் அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆயினும் பகிடிவதை என்றதும் நாம் புதுமுக மாணவரையே நினைக்கிறோம். தொண்டராசிரியரை, முதல் நியமனத்தோடு வந்திறங்கிய இளம் ஆசிரியையை நினைப்பதில்லை. 1960ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்கு வந்தபோது, முகாமையாளர் ஒருவரின் விருப்பு வெறுப்பு ஆசிரியரின் பிழைப்பை நிர்ணயித்த நிலை மாறிற்று. அது முற்போக்கான மாற்றமே. ஆனால் உடைமையாளர் மாறினால் உறவுகள் தாமாகவே மாறிவிடும் என்று நம்பியிருந்தது எமது பேதைமை. ‘தூர இடத்துக்குத் தூக்கிவிடுவேன்’ என்ற வாக்கியத்தின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டிய ஆசிரியர் இந்நாட்டில் எவருமுளரோ?

இது ஆசிரியரின் சொந்தத் துயர் மட்டுமன்று. கோபேயிற் குழம்பு பூசிய கைகளே மறுநாட் காலை கரும்பலகையில், நண்பரைத் துன்புறுத்தலாகாதென எழுதியிருக்கக்கூடும். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதுவர். ஆசிரியர் ஒருவரையொருவர் நடத்தும் விதத்தைப் பார்த்தே கற்பர். ஒரு சமூகத்தின் ஜனநாயகம் பாராளுமன்றத்திற் தொடங்குவதாக நாம் நீண்டகாலம் நம்பிவந்தோம். ஒரு சிற்றூர்ப் பாடசாலையின் ஆசிரியர் கூட்டத்தில், வயதிற் குறைந்த ஒருவர் எழுந்து ‘இது நியாயமில்லை, ஐயா’ என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளும் அச்சமின்றி அதே கதிரையில் வந்து அமர முடிகிறதா என்பதிலும் அது தங்கியுள்ளது.

‘பொட்சான்’ நல்ல நாவல். வாசியுங்கள், சிரியுங்கள். ஆனால் கடைசி அத்தியாயத்தில் முட்டைகள் உடையும்போது நீங்கள் கைதட்ட நேர்ந்தால், நொபெயோக்காவை ஒருகணம் எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மனிதர், யாரும் தேடாத மனிதர், மாதம் 5 யென் அதிகம் பெற்றுக்கொண்டு, தம்மை வெளியேற்றியவர்களுக்கு நன்றி கூறிவிட்டு வந்தவர், இன்றும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவரைத் திரும்ப அழைத்துவரும் வழியை வீரர்கள் அறியமாட்டார்கள். அதனை ஆசிரியர்கள் கூடியே கண்டடைய வேண்டும்.